கடைசிச் சக்கரவர்த்தி: இந்த வாரக் கேள்வி பதில்

போன இதழில் ‘த லாஸ்ட் எம்பரர்’ படத்தைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அரசியல் கேள்விகள் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். படம் பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில் கதை: சீனாவின் சிங் வம்சத்தின் கடைசிச் சக்கரவர்த்தி புயி, குழந்தையாகச் சிம்மாசனம் ஏறி, அதை இழந்து, ஜப்பான்காரர்கள் கையில் பொம்மை ராஜாவாகி, சிறைக்குப் போய், கடைசியில் பீஜிங்கில் தோட்ட வேலை பார்த்த நிஜக் கதை. 1987-ல் வந்தது. இயக்கம் இத்தாலியரான பெர்னார்டோ பெர்டோலுச்சி.

மூன்று வயதுகூட ஆகாத குழந்தையைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள் என்பது சினிமாவுக்காகச் சேர்த்ததா? (சேலம் வாசகி)

இல்லை, அப்படியே நடந்தது. புயி பிறந்தது 1906 பிப்ரவரியில். 1908 நவம்பரில், நிஜ அதிகாரத்தைக் கையில் வைத்திருந்து, அப்போது சாகக் கிடந்த பேரரசி சிஷி, அடுத்த வாரிசு இந்தக் குழந்தைதான் என்று சொல்லி வீட்டிலிருந்து தூக்கிவரச் செய்தார். பட்டத்தில் இருந்த குவாங்சு நவம்பர் 14-ல் இறந்தார், மறுநாளே சிஷியும் போய்ச் சேர்ந்தார். (நூறு வருஷம் கழித்து, 2008-ல், குவாங்சுவின் தலைமுடியைச் சோதித்துப் பார்த்த சீன ஆய்வாளர்கள் ஆர்சனிக் விஷத்தால் இறந்தார் என்று அறிவித்தார்கள். யார் வைத்த விஷம் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.)

டிசம்பர் 2-ஆம் தேதி பட்டாபிஷேகம். படத்தில் மஞ்சள் திரை காற்றில் உப்ப, அதைத் தாண்டிக் குழந்தை வெளியே ஓடிவர, முற்றம் முழுக்க ஆட்கள் மண்டியிட்டுக் கிடப்பார்களே, அந்தக் காட்சியை மறக்கவே முடியாது. நிஜத்தில் நடந்தது இவ்வளவு அழகாக இல்லை. பீஜிங் குளிர்காலம், சடங்கு நீண்டுகொண்டே போகிறது, குழந்தை “எனக்கு இங்கே பிடிக்கலை, வீட்டுக்குப் போகணும்” என்று ஓவென்று அழுகிறது. அப்பா சுன் இளவரசர் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பையன் இறங்கிவிடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, “அழாதே, அழாதே, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்கிறார். சுற்றி நின்ற மந்திரிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாபிஷேகத்தில் ‘முடிஞ்சிடும்’ என்று யாராவது சொல்வார்களா? புயியே தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். 1912 பிப்ரவரி 12-ல் முடிந்தே போனது. 260 வருஷத்துக்கு மேல் பீஜிங்கில் இருந்து ஆண்ட வம்சம்.

ராஜ்யம் போன பிறகும் அரண்மனையில் ராஜாவாகவே இருந்தது எப்படி? எனக்குப் புரியவே இல்லை. (தஞ்சாவூர் வாசகர்)

படத்தில் இதை விளக்கிச் சொல்ல மாட்டார்கள், அதனால் குழப்பம் வருவது சகஜம். சிங் வம்சம் போரில் தோற்று ஓடவில்லை, பேரம் பேசி இறங்கியது. நடுவில் நின்று பேசியவர் யுவான் ஷிகாய் என்ற தளபதி. புரட்சிக்காரர்களிடம் ஜனாதிபதி பதவியை வாங்கிக்கொண்டு, அரண்மனையிடம் விலகல் கடிதத்தை வாங்கிக் கொடுத்தார். பதிலுக்குச் சலுகை ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள்: சக்கரவர்த்தி என்ற பட்டம் தொடரும், ஆண்டுக்கு 40 லட்சம் வெள்ளிப் பணம் தருவோம், அரண்மனையில் தற்காலிகமாக இருந்துகொள்ளலாம். பணம் ஒழுங்காக வந்த வருஷங்கள் குறைவு, அது வேறு. ‘தற்காலிகம்’ என்பது 1924 வரை நீண்டது.

அரண்மனை என்றாலும் முழு அரண்மனை இல்லை. தெற்கே இருக்கும் பெரிய மண்டபங்கள் குடியரசு வசம் போய்விட்டன. வடக்கே உள் அரண்மனை மட்டும்தான் இவருக்கு. அந்த மதில்களுக்குள்ளே மட்டும் வருஷக் கணக்கு பழைய சக்கரவர்த்தி ஆண்டுக் கணக்குதான், வெளியே தெருவில் குடியரசு.

படம் விட்டுவிட்ட ஒரு கூத்து இதற்கு நடுவே உண்டு. 1917 ஜூலையில் சாங் ஷுன் என்ற தளபதி படையோடு வந்து புயியை மறுபடி சக்கரவர்த்தி என்று அறிவித்தார். ஜடை வைத்துக்கொள்வது சிங் காலத்துச் சட்டம், குடியரசு வந்ததும் ஊரே வெட்டிப் போட்டிருந்தது. இப்போது ராஜா திரும்பி வந்துவிட்டார் என்றதும், நாடகக் கம்பெனிகளுக்கு உடை தைப்பவர்களிடம் போய்க் குதிரை மயிரில் பொய் ஜடை செய்து தரச் சொல்லி ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். பன்னிரண்டே நாள். குடியரசு விமானம் ஒன்று வந்து அரண்மனை மேல் மூன்று குண்டு போட்டது, அத்தோடு சரி. அந்த ஜடைகள் அப்புறம் தெருவில் கிடந்தன. பெர்டோலுச்சி இதை ஏன் எடுக்காமல் விட்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான், இருபது நிமிஷ நகைச்சுவைக்கு அதில் இடம் இருந்தது.

சீன ராஜாவின் கதையில் எல்லோரும் இங்கிலீஷ் பேசுகிறார்களே? (ஈரோடு வாசகர்)

பணம் போட்டவர்கள் மேற்கத்தியர்கள், டிக்கெட் வாங்கப் போகிறவர்களும் அவர்கள்தான். முதல் பத்து நிமிஷம் உறுத்தும், அப்புறம் மறந்துவிடும்.

படம் முழுக்கப் புயியைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. நிஜத்திலும் அவ்வளவு அப்பாவியா? (கோயம்புத்தூர் வாசகி)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தையே ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்பாவி இல்லை. படத்தை விட அவருடைய சுயசரிதை அவர் மேல் கடுமையாக இருக்கிறது, வேடிக்கை அதுதான். படத்தில் அவருடைய கொடுமைக்கு நாம் பார்ப்பது முக்கியமாக ஒரு காட்சி. நான் இன்னமும் சக்கரவர்த்திதான் என்று தம்பியிடம் நிரூபிப்பதற்காக ஓர் ஊழியரை மை குடிக்க வைப்பார். நிஜத்தில் அரண்மனையில் இருந்த அண்ணகர்களை, அதாவது விதை நீக்கப்பட்ட அந்த ஊழியர்களை, பிரம்பால் அடிக்கச் சொல்வது சின்னப் பையன் புயிக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் பொம்மலாட்டம் காட்டிய அண்ணகர் ஒருவரின் ஆட்டம் பிடித்துப்போய், அவருக்குக் கேக் பரிசு கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. உள்ளே இரும்புத்தூளை வைத்துக் கொடுத்தால் எப்படித் தின்பான் பார்க்கலாம் என்று அடுத்த யோசனை. பல் உடைந்துவிடுமே என்று தடுத்தவர் பாலூட்டிய தாதி. முகத்தைப் பார்க்கத்தானே ஆசை, இரும்புக்குப் பதில் காய்ந்த பயறை வைத்துக் கொடு என்று சமாதானம் சொல்லிப் பையனை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் ஒருத்திதான் எனக்கு, மற்றவர்களும் என்னைப் போல மனுஷர்கள் என்று சொல்லிக் கொடுத்தவர் என்று புயி எழுதுகிறார். அவருக்கு எட்டு வயது வாக்கில் அந்தத் தாதியையும் அரண்மனையை விட்டு அனுப்பிவிட்டார்கள். படத்தில் அந்தப் பிரிவு நெஞ்சை அடைக்கும்படி இருக்கும். ஆனால் தாதி போனதால் கெட்டது பையன் மட்டும் இல்லை, அவனிடம் அடி வாங்கியவர்களும்தான் என்பதைப் படம் சொல்வதில்லை.

1923-ல் அரண்மனையின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது. திருட்டை மறைக்க அண்ணகர்கள்தான் வைத்தார்கள் என்று சந்தேகப்பட்டு, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே மூச்சில் வெளியே அனுப்பினார் புயி. படத்தில் இது வரும், அவர் பக்கம் நியாயம் இருப்பது போலவும் தெரியும். வராத விஷயம் என்ன என்றால், அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே திருடியவர்களில் ஒருவர் புயியேதான். பாடம் படிக்க வரும் தம்பி புஜியேவுக்குப் ‘பரிசு’ என்ற பெயரில், பழைய ஓவியச் சுருள்களையும் அரிய புத்தகங்களையும் மூட்டை கட்டி வெளியே கடத்திக்கொண்டிருந்தார். சுருள்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். வெளிநாடு ஓடிப்போகச் செலவுக்காக. அதில் பலவும் பின்னால் மஞ்சுகுவோவில், அதாவது வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் அமைத்த பொம்மை நாட்டில், சிதறிப் போயின.

மஞ்சுகுவோ இன்னும் மோசம். 1932-ல் ஜப்பானியர்கள் அவரை அங்கே ஆட்சித் தலைவர் ஆக்கி, 1934-ல் சக்கரவர்த்தி என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். அதிகாரம் எதுவும் இல்லை. அந்த எரிச்சல் முழுவதும் அரண்மனை வேலைக்குப் பிடித்துவந்த அநாதைச் சிறுவர்கள் மேல் இறங்கியது. தப்பி ஓட முயன்று பிடிபட்ட ஒரு பையன் அடியிலேயே செத்தான். செத்ததும் புயிக்குப் பயம் வந்துவிட்டது, பாவம் தொலைய மந்திரம் ஓத ஆரம்பித்துவிட்டார். 1946-ல் தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறி, என்னைக் கடத்திப் போனார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஜப்பானிய அமைச்சருக்குத் தானே எழுதிய கடிதத்தைக் காட்டியபோது போலி என்று கத்தினார். போலி இல்லை, பொய் சொன்னேன் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சுயசரிதை சிறையில் எழுதிய குற்ற ஒப்புதலில் இருந்து வளர்ந்தது, லீ வென்டா என்ற பதிப்பாசிரியர் கூட உட்கார்ந்து எழுதி 1964-ல் வந்தது. நான் எவ்வளவு கெட்டவனாக இருந்தேன், கட்சி எப்படித் திருத்தியது என்று காட்டுவதுதான் அதன் வேலை. அதனால் கொஞ்சம் கறுப்பு கூடுதலாகப் பூசியிருக்க இடம் உண்டு. அப்படியே கழித்துக்கொண்டாலும், படத்தில் ஜான் லோன் நடித்திருக்கும் அந்தக் கண்ணியமான, சோகமான மனிதர் அந்தப் புத்தகத்தில் இல்லை. கதாநாயகனை நாம் இரண்டே முக்கால் மணி நேரம் சகித்துக்கொள்ள வேண்டும் அல்லவா, அதற்காக வடிகட்டிவிட்டார்கள். நல்ல படம்தான், பத்து தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு ராணிகளின் கதை என்ன ஆனது? படத்தில் பாதியில் விட்டுவிட்டார்கள். (நாகர்கோவில் வாசகி)

1922-ல் ஒரே சமயத்தில் வந்தவர்கள் இருவரும்: பட்டத்து ராணி வான்ரோங், இரண்டாவது வென்சியு. படத்தில் வென்சியு குடைகூட வேண்டாம் என்று மழையில் நடந்து போய்விடுவார், பின்னால் அந்த வயலின் இசை வரும். நிஜத்தில் இன்னும் கெட்டிக்காரி. 1931-ல், அரண்மனையை விட்டபின் புயி குடியிருந்த தியான்ஜின் நகரத்தில் வக்கீல் வைத்து, சக்கரவர்த்தி மேலேயே விவாகரத்து கேட்டு, ஜீவனாம்சமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சீனச் சரித்திரத்தில் அதற்கு முன் ஒரு ராணி இப்படிச் செய்ததில்லை. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், 1953-ல் இறந்தார்.

வான்ரோங் கதை வேறு மாதிரி. அபினுக்கு அடிமையானார். மஞ்சுகுவோவில் பிறந்த குழந்தை புயிக்குப் பிறந்தது இல்லை என்பதால் உயிரோடு விடவில்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும், புயி தம்பியையும் சில ஆண்களையும் மட்டும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறப் போனார், போன இடத்தில் சோவியத் படை பிடித்துக்கொண்டது. பெண்களை விட்டுவிட்டுத்தான் போனார் என்பதைக் கவனியுங்கள். வான்ரோங்கைக் கம்யூனிஸ்டுப் படை பிடித்துச் சிறை சிறையாக மாற்றியது. அபின் கிடைக்காமல், சாப்பாடும் சரியில்லாமல், 1946 ஜூனில் யான்ஜி சிறையில் இறந்தார். வயது 39. படத்தில் அவர் கடைசியில் திரும்பி வந்து ஜப்பானியர்கள் மேல் காறித் துப்புவார். ஜோன் சென் நடித்ததில் அந்தக் காட்சிதான் உச்சம். யான்ஜி சிறையையும் காட்டியிருந்தால் புயி மேல் நமக்கு வரும் பரிதாபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

ரஷ்ய ஜார் குடும்பத்தைச் சுட்டுக் கொன்றார்கள். சீனக் கம்யூனிஸ்டுகள் மட்டும் ஏன் இவரை விட்டுவைத்தார்கள்? (திருச்சி வாசகர்)

இரக்கம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் நான் பொய் சொன்னதாகும்.

1918 ஜூலையில் யெகாடெரின்பர்கில் ஜார் நிக்கோலாஸ், ராணி, ஐந்து பிள்ளைகள், கூட இருந்த நான்கு பேர் என்று பதினொரு பேரை நிலவறையில் வைத்துச் சுட்டபோது, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, எதிரிப் படை நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜார் எதிரி கைக்குப் போனால் கொடியாகிவிடுவார் என்ற பயம். புயி சீனக் கைக்கு வந்தது 1950-ல், போர் முடிந்த பிறகு. அவரைக் கொடியாகப் பிடிக்க ஆளே இல்லை. ஜப்பான்காரனுக்கு வேலை பார்த்தவர் என்று ஊரே வெறுத்தது. கொன்றால் ஒரு பிணம், திருத்தினால் ஒரு சக்கரவர்த்தியே சாட்சி! மாவோவின் கட்சிக்கு இரண்டாவதில்தான் லாபம். ஒன்பது வருஷத்துக்கு மேல், பெரும்பாலும் ஃபூஷுன் சிறையில் வைத்திருந்து, 1959 டிசம்பரில் பொதுமன்னிப்பில் விட்டார்கள். புயிக்கு இதெல்லாம் தெரியாது. சீனாவுக்கு அனுப்பாதீர்கள் என்று சோவியத்துக்கு மனு மேல் மனு போட்டவர், ரயிலில் வரும்போதே சாவு நிச்சயம் என்று நடுங்கிக்கொண்டு வந்தார். படத்தின் ஆரம்பத்தில் ஸ்டேஷனில் மணிக்கட்டை அறுத்துக்கொள்வாரே, அது திரைக்கதைக்காரர்கள் சேர்த்தது, சுயசரிதையில் கிடையாது.

சிறையில் அவருக்கு ஷூ லேஸ் கட்டிக்கொள்ளத் தெரியாமல் பழைய வேலைக்காரர் கட்டிவிடுவதும், அதிகாரி இருவரையும் பிரித்துப் போடுவதும் நிஜத்துக்கு ரொம்பப் பக்கம். அந்த அதிகாரியாக நடித்தவர் யிங் ருவோசெங், அப்போது சீனாவின் கலாச்சாரத் துணை அமைச்சர். மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அவரே மூன்று வருஷம் உள்ளே இருந்தவர். கைதிகளிடம் அவர் பேசும்போது அந்த முகத்தைப் பாருங்கள்.

ஒன்பது ஆஸ்கர் கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? (சென்னை வாசகர்)

ஒன்பதுக்குப் பரிந்துரை, ஒன்பதும் கிடைத்தது. நடிப்புக்கு மட்டும் பரிந்துரைகூட இல்லை, அது அநியாயம். பீஜிங் அரண்மனைக்குள் படம் எடுக்கச் சீன அரசு அனுமதித்த முதல் மேற்கத்தியப் படம் இதுதான். 19,000 துணை நடிகர்கள் என்று கணக்கு. கிராஃபிக்ஸ் கிடையாது, முற்றத்தில் மண்டியிட்டிருப்பது எல்லாம் ரத்தமும் சதையுமான ஆட்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது கூட்டம் இல்லை, நிறம். ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோ புயியின் வாழ்க்கையை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டார். மணிக்கட்டு ரத்தத்தில் சிவப்பு ஆரம்பிக்கும், குழந்தைப் பருவத்துக்கு ஆரஞ்சு, சக்கரவர்த்திக்கு மஞ்சள், ஆங்கில ஆசிரியர் ஜான்ஸ்டன் வந்ததும் பச்சை. சிறைக் காட்சிகளில் நிறமே வற்றிக் கிடக்கும். தம்பி மஞ்சள் போட்டுக்கொண்டு வந்ததும் அண்ணனுக்குக் கோபம் வரும் பாருங்கள், மஞ்சள் சக்கரவர்த்திக்கு மட்டும்தானே உரியது. நீ இப்போது சக்கரவர்த்தி இல்லையே என்று தம்பி பதில் சொல்ல, நாடு போன விஷயமே பையனுக்கு அப்போதுதான் தெரியவரும். ஒரு வம்சம் விழுந்த கதையை ஒரு சட்டையை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

இசையமைத்த மூவரில் ரியுச்சி சகமோட்டோவை முதலில் நடிக்கத்தான் கூப்பிட்டார்கள். ஜப்பானிய அதிகாரி அமகாசுவாக வருபவர் அவர்தான். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவதாக இருந்த காட்சியை, அது பழைய ஜப்பான் பற்றிய மேற்கத்தியக் கற்பனை என்று மறுத்து, துப்பாக்கியால் சுட்டுக்கொள்வதாக மாற்ற வைத்தார். நிஜ அமகாசு விஷம் குடித்தார்.

கடைசிக் காட்சியில் சிம்மாசனத்தின் பின்னால் இருந்து எடுக்கும் சில்வண்டு, அத்தனை வருஷம் எப்படி உயிரோடு இருந்தது? (புதுச்சேரி, ஏழாம் வகுப்பு மாணவர்)

இருக்காது தம்பி. இரண்டு மூன்று மாதம் தாண்டினாலே பெரிய விஷயம். புயி டிக்கெட் வாங்கி உள்ளே போய், காவலாளியின் பையனிடம் நான்தான் இங்கே சக்கரவர்த்தியாக இருந்தேன் என்கிறார், பையன் நம்பவில்லை, ஆதாரம் கேட்கிறான். சில்வண்டு வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் புயியைக் காணோம். ஆகவே அந்த இடத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று இயக்குநரே சொல்லாமல் சொல்லிவிட்டார். நிஜப் புயி 1967 அக்டோபரில் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தார், தெருவெங்கும் கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்த நேரம். பிள்ளைகள் இல்லை. தம்பி புஜியே 1994 வரை இருந்தார்.

இதே மாதிரி இன்னொரு படம் சொல்லுங்களேன். அப்புறம், இதை எந்தப் பதிப்பில் பார்ப்பது? (மதுரை வாசகர்)

ஜார் குடும்பத்தைப் பற்றி ‘நிக்கோலாஸ் அண்ட் அலெக்ஸாண்ட்ரா’, 1971. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், ரஷ்யாவில் எடுக்க முடியாமல் ஸ்பெயினில் எடுத்தார்கள். உடையும் அரங்கமும் ஆஸ்கர் வாங்கின, இழுவையும் கொஞ்சம் உண்டு. கடைசி அரை மணி நேரத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

‘த லாஸ்ட் எம்பரர்’ 163 நிமிஷத்தில் ஒன்றும், டிவிக்காக நீட்டிய 218 நிமிஷத்தில் ஒன்றும் இருக்கிறது. சின்னதையே பாருங்கள், நீளமானதில் கூடுதலாக இருப்பது நிமிஷங்கள்தான். தயவுசெய்து மொபைலில் வேண்டாம். அந்த முற்றத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.